மாஸ்டர் கொடுத்த மஞ்சள் கடுதாசி

என் அக்கா மஞ்சள் கடுதாசி கொடுக்கப்போகிறாள் என்று காதில் விழுந்ததும், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு துக்க முகத்தை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். அக்கா அழவில்லை. வாசலில் நின்ற கம்பெனி வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். "உள்ள உக்காருங்க, இந்த ஒரு டயர முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். ஆறுதல் சொல்ல வந்த சித்தப்பா ஒருவர், தன்னுடைய கிரெடிட் கார்டு பாக்கிக்கு அவளிடம் யோசனை கேட்டுக்கொண்டு போனார்.

கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனுவைத்தான் மஞ்சள் கடுதாசி என்கிறோம். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அக்கா தாழ்த்தவில்லை. "கடைய சாத்தறதுக்கு ஷட்டர் இருக்குல்ல? அந்த மாதிரி இதுக்கும் ஒரு முறை இருக்கு. பாதியில தொங்க விடாம ஒழுங்கா இழுத்து சாத்தணும், அவ்ளோதான்" என்றாள்.

அவளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர், என் மாமா, இறந்தபோது, பதினாறாம் நாளே மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராகப் பயிற்சி காரில் போய் உட்கார்ந்தவள். அந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அதை ஓயாமல் மிதித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா கடைசி நொடி வரைக்கும் மிதிக்க மாட்டாள். "பயம் உனக்கு வரணும். எனக்கு வந்து என்ன பிரயோஜனம்?" என்பாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அவளுடைய ஒரே தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். அவளிடம் படித்தும் நாலாவது தடவைதான் லைசென்ஸ் வாங்கினவன். "கண்ணாடியில உன் மூஞ்சியப் பாக்காதடா, பின்னாடி வர்ற லாரியப் பாரு" என்று நடுரோட்டில் அவள் என்னைத் திட்டியதை இன்னும் சிலர் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஸ்கூல் நொடித்துப்போனதற்கு அவள் காரணமில்லை. லைசென்ஸ் தேர்வு நடத்தும் மைதானத்தை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். மைதானத்தை ஒட்டியே ஏழெட்டு ஸ்கூல் முளைத்தது. அக்காவிடம் இருந்த நாலு காரில் இரண்டு சும்மா நின்றன. தவணை மட்டும் நாலுக்கும் ஓடியது. இந்தக் கார்டில் எடுத்து அந்தக் கார்டில் கட்டி, இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள் நானும் எண்பதாயிரம் கொடுத்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க எனக்கும் ஆசைதான்.

ஒரு நாள் காலையில் நாலு காரின் சாவியையும் கொண்டுபோய் வங்கியில் வைத்துவிட்டு வந்தாள். கார்களை ஏலம் போட்டும் பாதிக் கடன்கூட அடையவில்லை. அடுத்த வாரமே ஒரு தொழிற்சாலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டும் வேலையில் சேர்ந்தாள். அதற்கு அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனாள்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாசனையில் எனக்குத் தலை வலித்தது. அக்கா சொந்த வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"மூணு மாசம் கழிச்சு மனு போடலாம்" என்றார் வக்கீலம்மா. "ஆனா அந்த மூணு மாசம் எப்படி நடந்துக்கறீங்கன்னுதான் கோர்ட்ல தோண்டித் துருவுவாங்க. புதுசா கடன் வாங்கக் கூடாது. எதையும் யார் பேருக்கும் மாத்தக் கூடாது. வாடகை, கரன்ட், பள்ளிக்கூட ஃபீஸ், சாப்பாடு எல்லாம் தாராளமா கட்டலாம், ஆனா ரசீது வேணும். முக்கியமா, சொந்தக்காரங்க யாருக்கும் தனியா பணம் திருப்பிக் குடுக்காதீங்க. குடுத்தா கோர்ட் அவங்ககிட்டேருந்து பிடுங்கிடும். உங்க மனுவும் கெட்டுப்போகும்."

சொந்தக்காரங்க என்றதுமே நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வக்கீலம்மா அதோடு விடவில்லை. "சம்பளம் எந்த பேங்க்ல வருது?" என்று கேட்டார். கார் லோன் வாங்கிய அதே வங்கியில்தான் என்றாள் அக்கா. "அப்போ சம்பளம் அவங்க மடியில போய் விழப்போகுது" என்றார் அவர்.

அப்படியேதான் ஆனது. முதல் சம்பளம் காலை பத்து மணிக்கு வந்தது. பழைய லோனுக்கென்று வங்கி அதை எடுத்துக்கொண்டது. பதினொன்றரைக்கு நாற்பத்திரண்டு ரூபாய் மீதி இருந்தது. அன்றைக்குத்தான் அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். ஒரு அரை மணி நேரம். பிறகு எழுந்து, மூடிய ஸ்கூலிலிருந்து கொண்டுவந்திருந்த போர்டை எடுத்துச் சமையலறைச் சுவரில் மாட்டினாள்.

அந்தப் போர்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்சந்தி வரைந்த இரும்புத் தகடு. அதில் ஒட்டி ஒட்டி நகர்த்த காந்தம் வைத்த குட்டி கார்கள். யார் முதலில் போக வேண்டும், யார் நிற்க வேண்டும் என்று அதில்தான் அவள் பதினாறு வருஷம் பாடம் எடுத்தாள். இப்போது பழைய வங்கியை இடது மூலையில் எழுதினாள். வலது மூலையில், அவளுக்கு ஒரு பைசா கடன் இல்லாத வேறொரு வங்கி. சிவப்புக் கார் சம்பளம். நீலம் வாடகை. மஞ்சள் கரன்ட் பில். பச்சை மகளின் பள்ளிக்கூட ஃபீஸ். வெள்ளை லாரி சாப்பாட்டுச் செலவு.

"சிவப்பு இந்தத் தெருவுல வரவே கூடாது" என்று இடது மூலையைத் தட்டினாள். "இப்படித் திரும்பி அங்க போகணும். அங்கேருந்துதான் மத்த வண்டியெல்லாம் கெளம்பணும். புரியுதா?"

"எனக்கு எதுக்குப் புரியணும்?" என்றேன்.

"மூணு தடவ ஃபெயிலானவனுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்றாள்.

புதுக் கணக்கு ஒரே நாளில் திறந்துவிட்டாள். தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில்தான் இழுத்தடித்தார்கள். கணக்கு எண்ணை மாற்ற அடுத்த மாதம் ஆகும் என்றார் அங்கிருந்த கிளார்க். அக்கா வாதாடவில்லை. வேனைக் கொண்டுபோய் அவருடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "மெதுவா பண்ணுங்க சார். எனக்கு அடுத்த டிரிப் அஞ்சு மணிக்குத்தான்." கிளார்க் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் நாலு. மூன்றே முக்காலுக்குக் கணக்கு எண் மாறிவிட்டது.

பழைய வங்கியில் வேறு கூத்து. கேட்காமலே மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டெபிட் எல்லாவற்றையும் நிறுத்த எழுதிக்கொடுக்கப் போனோம். எத்தனை இருக்கிறது என்று கேட்டால், பதினொன்று. ஏலத்தில் போய்விட்ட காருக்கு இன்னும் இன்ஷூரன்ஸ். மாமா உயிரோடு இருந்தபோது சேர்ந்த ஏதோ கிளப்பின் சந்தா. மகள் ஒரே ஒரு வாரம் கேட்ட ஒரு பாட்டு ஆப். மாமாவின் சந்தாவைப் பார்த்தபோது மட்டும் அக்காவின் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் அடித்தாள். கடிதத்தை வாங்கிக்கொண்ட பையன், "மேடம், உங்களுக்கு புதுசா ஒரு பர்சனல் லோன் ஆஃபர் வந்திருக்கு, போடட்டுமா?" என்றான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா சிரிக்காமல், "மூணு மாசம் கழிச்சு நானே உங்களுக்கு ஒரு தபால் அனுப்பறேன் தம்பி. இப்ப நகல்ல முத்திரை குத்துங்க" என்றாள்.

வசூல்காரர்கள் போனில் கத்துவார்கள். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியதும், "எழுதிக்குங்க" என்று வக்கீலம்மாவின் நம்பரைச் சொல்வாள். சிலர் இரண்டாவது தடவை கூப்பிட்டபோது மரியாதையாகப் பேசினார்கள். வாடகை ஐந்தாம் தேதி, கரன்ட் பத்தாம் தேதி, கேஸ் சிலிண்டர் வந்த அன்றே. ஒவ்வொரு ரசீதும் பழைய மாணவர்களின் விண்ணப்ப ஃபைலில் தேதி வாரியாகப் போனது. கடனில் மூழ்கியவள் என்று ஊர் சொன்ன அந்த மூன்று மாதத்தில்தான், இரண்டு வருஷத்துக்கப்புறம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். முகத்திலேயே தெரிந்தது.

தூக்கம் போனது எனக்கு.

மனுவோடு கடன் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று போக வேண்டும். ஒருவரையும் விடக் கூடாது. மனு போட்டதும் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். வங்கி, இரண்டு கார்டு, பெட்ரோல் பங்க், மெக்கானிக். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உன் எண்பதாயிரம்" என்றாள்.

"அத எழுதாதக்கா. அது நமக்குள்ள."

"எழுதலன்னா பொய் சத்தியம்டா. முழுப் பட்டியல்னு கையெழுத்துப் போடறேன்."

"ஸ்கூல் கட்டடத்துக்குக் குடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும்ல? அதுல எனக்கு மட்டும் சத்தமில்லாம குடுத்துடு. அப்புறம் நான் பட்டியல்லயே வரமாட்டேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "வக்கீலம்மா சொன்னப்ப நீ பக்கத்துலதான உக்காந்திருந்த? என்னடா விஷயம்? என்ன மறைக்கற?"

பூசி மெழுகிப் பார்த்தேன். அவள் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் சொன்னேன். என் மனைவி பேக்கரியில் கேக்குக்குப் பூ வைக்கிறவள். சொந்தமாக ஒரு பெரிய ஓவன் வாங்கி வீட்டிலிருந்தே கேக் செய்து விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஓவர்டைம் பணத்தை மாதாமாதம் என் கையில் கொடுத்து, "பேங்க்ல போட்டுடுங்க" என்பாள். போட்டேன், என் கணக்கில். அக்காவின் கஷ்டம் தெரிந்த அன்று, அவள் கேட்காமலே, பெரிய மனுஷன் மாதிரி அதை எடுத்து நீட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. "எவ்ளோ சேந்திருக்கு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "சேருது, சேருது" என்றே ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது கோர்ட்டிலிருந்து தபால் வந்தால் நான் தொலைந்தேன்.

அக்கா என்னை அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அவ ராத்திரி பகலா நின்னு சேத்த காசுலயா நான் ரெண்டு கார் தவணை கட்டினேன்? தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா?" என்றாள். பிறகு, "வெள்ளிக்கிழமை கையெழுத்து. வியாழக்கிழமைக்குள்ள நீ அவகிட்ட சொல்லிடு. இல்லன்னா நான் வந்து சொல்வேன்."

திங்கள் என் மனைவிக்குத் தலைவலி. செவ்வாய் எனக்கு. புதன் நல்ல மூடில் இருந்தாள், அதை ஏன் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே வேன் ஹாரன் இரண்டு தடவை கேட்டது.

எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அக்கா ஏறி வர மூன்று நிமிஷம் ஆகும். முதல் மாடி வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரண்டாவது மாடியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் சமையலறைக்கு ஓடினேன். மனைவி ஒரு பிறந்தநாள் கேக்கில் ரோஜா வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஓவன் பணம், அக்கா, கார் தவணை, கோர்ட், தபால். அவள் கை நிற்கவில்லை. ஒரு இதழ், இன்னொரு இதழ், ரோஜா முடிந்தது. கிரீம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அக்கா வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்கக்கா. அந்தப் பட்டியலக் குடுங்க."

வாங்கிப் படித்தாள். என் பெயரில் விரலை வைத்தாள். "இது தப்பு. பணம் என்னுது. என் பேர எழுதுங்க."

"எழுதறேன்" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணத் தெரிஞ்சுக்கோம்மா. கோர்ட் ஒத்துக்கிட்டா மத்த கடனோட இதுவும் ரத்தாயிடும். உனக்கு ஒரு பைசா வராம போகலாம். வேண்டாம்னு எதிர்ப்பு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. நீ சொன்னா விசாரணை இழுக்கும், என் மனு நிக்காமலும் போகலாம். சொல்லாதன்னு நான் கேக்க மாட்டேன்."

என் மனைவி பட்டியலை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். "விசாரணைக்கு வரேன்" என்றாள். அவ்வளவுதான். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஏழு வாரம் அவள் என்னோடு பேசியதெல்லாம் உப்பு, பால், சாவி என்ற அளவில்தான். எதிர்ப்புச் சொல்லப்போகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று எனக்கே தெரியும்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடும் ஃபேன், ஜலதோஷம் பிடித்த அதிகாரி. அக்கா இஸ்திரி போட்ட சட்டையும் பழைய ஸ்கூல் கோட்டுமாக, தேர்வு நடத்த வந்தவள்போல நின்றாள். அதிகாரி கேட்கக் கேட்க ஃபைலிலிருந்து தாளை எடுத்து வைத்தாள். புதுக் கணக்கு எதற்கு? முதல் சம்பளம் போன கதையையும் வீட்டு வாடகை ரசீதையும் காட்டினாள். கட்டடத்து அட்வான்ஸ் எங்கே? வந்தது வந்தபடி தனியாக இருந்தது. கோர்ட் சொல்லும் ஆளிடம் கொடுக்கத் தயார் என்றாள்.

"இந்த மூணு மாசத்துல சொந்தக்காரங்க யாருக்காவது பணம் குடுத்தீங்களா?"

"கேட்டாங்க சார். குடுக்கல."

நான் காலுக்கடியில் தரையைப் பார்த்தேன். வங்கியிலிருந்து வந்தவர் எழுந்து ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு அதிகாரி பட்டியலைப் பார்த்து என் மனைவியைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். பேக்கரி யூனிஃபாரத்திலேயே வந்திருந்தாள். முழங்கையில் மாவு.

"எண்பதாயிரம் குடுத்திருக்கீங்க. இவங்க மனுவுக்கு உங்களுக்கு எதிர்ப்பு ஏதும் இருக்கா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக் மேல் கால் வைக்காமல் உட்கார்ந்திருப்பாளே, அதே முகம். ஆனால் ஏற்கெனவே அடுக்கிய ரசீதுகளை மறுபடி அடுக்கினாள். அதை நான் மட்டும் பார்த்தேன்.

"இவங்க மேல எனக்கு எதிர்ப்பு இல்லைங்க" என்றாள் என் மனைவி. "அக்காவுக்கு வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே கொண்டுபோய் குடுத்திருப்பேன். என்னைக் கேக்காம எடுத்தவர் அதோ கடைசி சேர்ல உக்காந்திருக்கார். எதிர்ப்பு அவர் மேலதான். அதுக்கு இங்க ஏதாவது ஃபாரம் இருக்குங்களா?"

அறையே சிரித்தது. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு வேற கோர்ட்டும்மா" என்றார். அந்த வேறு கோர்ட் குடும்ப நல கோர்ட்தான் என்று உறைத்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும், அத்தனை மாதம் அழாத அக்கா என் மனைவியின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். என் மனைவி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். என்னை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்காவின் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடனெல்லாம் ரத்து. இன்றைக்கும் வேன்தான் ஓட்டுகிறாள். வாடகை ஐந்தாம் தேதி, கரன்ட் பத்தாம் தேதி. சமையலறைப் போர்டில் இடது மூலையை அழித்துவிட்டாள்.

விசாரணை முடிந்த மறுநாள் அவள் முதலில் செய்த வேலை, என் மனைவியை வேனில் ஏற்றிக்கொண்டு வங்கிக்குப் போய் அவள் பெயரில் ஒரு கணக்குத் திறந்தது. இரண்டாவது வேலை என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியது. என் சம்பளக் கணக்கிலிருந்து மாதம் நாலாயிரம், ஒன்றாம் தேதி, என் மனைவியின் கணக்குக்கு. ஆட்டோ டெபிட். இருபது தவணை. "கையெழுத்துப் போடு" என்றாள். போட்டேன். எங்கள் குடும்பத்தில் இப்போது கடன்காரன் நான் ஒருவன்தான்.

போன மாதம் கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஒரே ஒரு தவணையை மட்டும் தள்ளிப் போடலாமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் கேக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிறுத்தணும்னா எழுத்துல குடுக்கணுமாம். நகல்ல முத்திரை அக்கா குத்துவாங்க, போய்க் கேளுங்க" என்றாள். நான் போகவில்லை. இன்னும் பதினாலு தவணை பாக்கி.